கப்பலை விடுங்க, ஆளுங்களைப் பாருங்க: ஸ்டார் ட்ரெக் பழைய தொடரின் புளூ-ரே பெட்டி

வாங்கலாமா வேண்டாமா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் விண்வெளிச் சண்டை பார்க்கிற ஆசையில் வாங்காதீர்கள், நொந்துபோவீர்கள். இது 1966 செப்டம்பர் 8-ம் தேதி அமெரிக்காவின் என்பிசி சேனலில் ஆரம்பித்து, 1969 ஜூன் 3-ம் தேதி மூட்டை கட்டிய தொடர். மூன்று சீசன், 79 எபிசோடு, 20 டிஸ்க். அதில் வருகிற பாறையைத் தூக்கிப் போட்டால் சத்தமே வராது போலிருக்கும். வேற்றுக்கிரகத்து வானம் என்பது பின்னால் கட்டின திரையில் அடிக்கிற கலர் லைட். தானாகத் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஆள் நின்று கயிறு இழுத்தார்கள். 2018-ல் எங்கள் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து ட்ரெயின் 18 (இன்றைய வந்தே பாரத்) வெளியே வந்தபோது அதற்கு நிஜமான தானியங்கிக் கதவு இருந்தது என்பதை இந்த இடத்தில் அடக்கத்தோடு குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பெட்டிக்குப் பணம் கொடுப்பது கிரகம் கிரகமாகச் சுற்றுகிற எண்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலில் வேலை செய்கிற ஏழு பேருக்காக.

நான் எலக்ட்ரிக்கல் ஃபிட்டர், ரிட்டயர்டு. பெரம்பூர்வாசி. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தொடர் வந்தபோது நான் அப்ரண்டிஸ் பையன். எங்கள் தெருவில் ஓர் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி வீட்டில்தான் டிவி, சாலிடேர், கறுப்பு வெள்ளை. இங்கிலீஷ் வசனம் எங்களுக்கு முக்கால்வாசி புரியாது. ஆன்ட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "டேய், அந்த டாக்டர் அவன் மேல கோவமெல்லாம் இல்லடா, பாசம்டா, அதான் அப்படித் திட்றான்" என்று விளக்கம் கொடுப்பார். கதையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

அதனால் டிஸ்க்கைப் போட்டதும் எனக்கு முதல் அதிர்ச்சி கலர். சட்டை மூன்று நிறம் என்பதே எங்களுக்குத் தெரியாது! சிவப்புச் சட்டை போட்ட பெயர் தெரியாத ஆள் கேப்டனோடு ஒரு கிரகத்தில் இறங்கினால் திரும்பி வரமாட்டான் என்பது உலகத்து ரசிகர்கள் எல்லாரும் சிரிக்கிற விஷயம். எங்களுக்கு எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம், எவன் சாவான் என்று கடைசி வரை தெரியாது. ஒரு விதத்தில் நாங்கள் பார்த்ததுதான் நல்ல சஸ்பென்ஸ். என்பிசியின் தாய்க் கம்பெனி ஆர்சிஏ கலர் டிவி விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. அதனால் செட்டில் ஒரு சுவர் கூட சும்மா இருக்காது, ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று லைட் அடித்து வைத்திருப்பார்கள். கேப்டன் கிர்க்கின் மஞ்சள் சட்டை உண்மையில் பச்சைத் துணி, ஃபிலிமிலும் லைட்டிலும் மஞ்சளாக விழுந்தது.

படத்தின் தரம் பிரமாதம். 35 எம்எம் ஃபிலிமில் எடுத்ததால் நெகட்டிவில் அவ்வளவு விவரம் இருந்திருக்கிறது, அன்றைய டிவிதான் காட்டவில்லை. வேற்றுக்கிரகத்து அதிகாரி ஸ்பாக்கின் கூர்க்காது ஒட்டின இடத்தில் மேக்கப் கோடு தெரிகிறது. கன்ட்ரோல் பேனல் ஓரத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காத இடம் தெரிகிறது. செக்கோவ் என்கிற இளம் அதிகாரி வந்த புதிதில் தலையில் இருப்பது விக் என்பது பச்சையாகத் தெரிகிறது. இதையெல்லாம் குறை என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதுதான் விருந்து. கையால் செய்த பொருளில் கை தெரியத்தான் செய்யும்.

2006-ல் தொடங்கி கப்பல், கிரகம், வெடிப்புக் காட்சி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். நல்லவேளை, பழையதைத் தூக்கி எறியவில்லை. இரண்டும் டிஸ்க்கில் இருக்கிறது. படம் ஓடும்போதே ரிமோட்டில் ஆங்கிள் பட்டனை அழுத்தினால் புதுக் கப்பல் பழைய கப்பலாக மாறும். நான் சொல்வது: பழையதை வைத்தே பாருங்கள். புது கிராஃபிக்ஸ் சுத்தமாக, வழவழவென்று இருக்கிறது. அடுத்த ஷாட்டில் பிளைவுட்டில் செய்த பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்கு, வரும்போது இரண்டு வேறு படம் பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. சத்தமும் அப்படியே. 7.1 ஒலி வைத்திருக்கிறார்கள், பழைய மோனோவும் வைத்திருக்கிறார்கள். மோனோவைப் போடுங்கள், குரல் நெற்றிக்கு நேராக வரும்.

இப்போது ஆட்களுக்கு வருகிறேன்.

எங்கள் பேக்டரி ஷாப்பில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் கப்பலின் இன்ஜினியர் ஸ்காட்டிதான் நம்ம ஆள் என்பான். மேலே உட்கார்ந்திருக்கிறவர் "இன்னும் வேகம் வேணும்" என்பார், கீழே இருக்கிறவர் "மெஷின் தாங்காது" என்பார், பிறகு எப்படியோ தாங்க வைப்பார். இந்தச் சம்பாஷணை நடக்காத பேக்டரி உலகத்தில் இல்லை. நடித்தவர் ஜேம்ஸ் டூஹன், கனடாக்காரர். 1944 ஜூன் 6, நார்மண்டி கரையில் கனடா ராணுவத்தோடு இறங்கியவர். அன்று ராத்திரி அவர்கள் பக்கத்துக் காவல்காரன் ஒருவனே பதறிப்போய்ச் சுட்டதில் ஆறு குண்டு. நாலு குண்டு காலில். ஒன்று நெஞ்சுக்கு வந்து சட்டைப் பையில் இருந்த சிகரெட் டப்பாவில் நின்றது. ஒன்று வலது கை நடுவிரலைக் கொண்டுபோனது.

மூன்று சீசனும் அந்தக் கையை மறைத்தே நடித்திருக்கிறார். எப்படி மறைக்கிறார் என்று பார்ப்பதற்கே இந்தப் பெட்டி போதும். ஆட்களை நொடியில் கிரகத்துக்கு அனுப்புகிற டிரான்ஸ்போர்ட்டர் கருவியின் லிவரைத் தள்ளுகிற குளோசப்பில் வருவது சில இடங்களில் வேறு ஆளின் கை. மற்ற நேரத்தில் இடது கை முன்னால் வரும், வலது கை இடுப்புக்குப் பின்னால் போகும், அல்லது மடங்கி இருக்கும். விரல் போன ஆட்களோடு பக்கத்துப் பெஞ்சில் நின்று வருஷக்கணக்காக வேலை பார்த்தவனுக்கு அந்த மடக்கு உடனே பிடிபடும். டீ கிளாஸ் வாங்கும்போது கூட அப்படித்தான் வாங்குவார்கள். இரண்டாவது சீசனில் டிரிபிள் என்ற மயிர்ப்பந்துப் பிராணிகள் கப்பல் முழுக்கப் பெருகுகிற எபிசோடில் ஸ்காட்டி ஒரு கை நிறைய அவற்றை அள்ளிக்கொண்டு உள்ளே வருவார். அங்கே நிறுத்திப் பாருங்கள். விரல் இல்லாதது தெளிவாகத் தெரியும். சாலிடேரில் அது ஒரு சாம்பல் கொத்தாகத்தான் இருந்தது.

அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பு அவரே தேர்ந்தெடுத்தது. இன்ஜினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரன்தான் என்று வாதாடி வாங்கினாராம். எங்கள் பேக்டரிக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது சுவிட்சர்லாந்துக்காரர்கள், அதனால் நான் இதில் கருத்துச் சொல்ல முடியாது. 2004-ல் டூஹனுக்கு நடந்த பிரியாவிடை விழாவுக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் வந்து, ஒரு பழைய இன்ஜினியர் இன்னொரு இன்ஜினியருக்குச் சொல்கிற மாதிரி நன்றி சொன்னார். அடுத்த வருஷம் ஜூலை 20-ம் தேதி டூஹன் போய்ச் சேர்ந்தார். ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கிய அதே தேதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பழைய ஷாப் ஆட்கள் இரண்டு மூன்று பேர், என் தங்கச்சி பொண்ணு. அவள் ரயில்வேயில் கன்ட்ரோல் வேலை பார்க்கிறாள். கப்பலில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்கிற லெப்டினன்ட் உஹுரா பற்றி என் பழைய மேஸ்திரி, "இன்னாபா இந்தம்மா, காதுல ஒண்ண சொருகிக்கினு லைன் தொறந்தாச்சு, லைன் தொறந்தாச்சுன்னு மட்டும் சொல்லிக்கினு கீது" என்றார். பொண்ணு சட்டென்று பிடித்துக்கொண்டாள். "மாமா, கன்ட்ரோல்ல உக்காந்திருக்கறவ சும்மா இருக்கற மாதிரி தெரிஞ்சாதான் எல்லா வண்டியும் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம். அவ எழுந்து ஓடினா நீங்க பயப்படணும்."

மேஸ்திரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கல்ஸுக்கே அந்த வருத்தம் இருந்தது. தன் வசனத்தை வெட்டிக்கொண்டே போகிறார்கள் என்று முதல் சீசன் முடிந்ததும் விலக முடிவெடுத்தார். அந்தச் சமயத்தில் ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்திருக்கிறார். கிங் தன்னை அவருடைய ரசிகர் என்று சொல்லிக்கொண்டு, நீங்கள் விலகக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னார் என்பதை நிக்கல்ஸ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் இருந்தார். பிறகு 1977-ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களும் கறுப்பினத்தவரும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆள் சேர்த்தார். 2022 ஜூலை 30-ல் காலமானார்.

உஹுராவைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவது சீசனில், கிரேக்கத்துக் கடவுள் அப்பல்லோ கப்பலைக் கையால் பிடித்து நிறுத்துகிற எபிசோடைப் போடுங்கள். தொடர்பு அறுந்துவிடும். உஹுரா பேனலுக்கு அடியில் போய், கையில் கருவியோடு, ஒவ்வொரு இணைப்பாகத் தானே சரிசெய்வார். ரொம்ப நாளாக இந்த மாதிரி வேலை செய்யவில்லை என்பார். ஸ்பாக் பக்கத்தில் வந்து நின்று, இதைச் செய்ய உங்களை விடப் பொருத்தமானவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பாராட்டுவதாகவே காட்டிக்கொள்ளாத பாராட்டு. நான் கோச்சுக்கு அடியில் படுத்து வயரிங் செய்தவன், எந்த நல்ல சூப்பர்வைசரும் அப்படித்தான் பேசுவார். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் மெக்காய்க்கு வருவோம். டிஃபாரஸ்ட் கெல்லி, பாதிரியார் மகன். இதற்கு முன்னால் கௌபாய் படங்களில் வில்லனாகவே திரிந்தவர். அவர் நோயாளியின் மேல் ஆட்டுகிற கருவிகளில் சில, முதல் எபிசோடுக்காக வாங்கிய உப்புக் குப்பிகள். உப்புக் குப்பி மாதிரியே தெரியவில்லை என்று ஒதுக்கி வைத்ததை டாக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் சீசனில் சுரங்கத்துக்குள் பாறை மாதிரி ஒரு ஜீவன் தன் முட்டைகளைக் காப்பாற்ற ஆட்களைக் கொல்கிற கதை ஒன்று உண்டு. அதற்குக் காயம் பட்டதும் டாக்டரைக் கூப்பிடுவார்கள். நான் டாக்டர், கொத்தனார் இல்லை என்று கத்திவிட்டு, பிறகு சிமெண்ட் பூசியே குணப்படுத்திவிட்டு, கையெல்லாம் கலவையோடு நின்று பெருமைப்படுவார். அந்த முகத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பணம் கொடுக்கலாம்.

அதே எபிசோடு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்கு அவர் அப்பா இறந்த செய்தி வந்தது. ஊருக்கு விமானம் கிடைக்கும் வரை அவர் ஷூட்டிங்கை நிறுத்த ஒப்புக்கொள்ளாமல் நடித்தார், ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் பக்கத்திலேயே இருந்தார். இது தெரிந்த பிறகு சுரங்கக் காட்சிகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற விதமே வேறாகத் தெரிகிறது. ஷாட்னர் மேல் மற்ற நடிகர்களுக்கு நிறைய மனத்தாங்கல், ஊரறிந்த விஷயம், நான் அதைக் கிளறப் போவதில்லை. மிகையாக நடிக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் அந்த மிகை இல்லாவிட்டால் எதிரில் நிற்கிற ஸ்பாக்கின் அமைதி எடுபடாது. ஒருவர் இழுக்க ஒருவர் விட. 2021 அக்டோபரில் 90 வயதில் அந்த மனிதர் நிஜமாகவே ராக்கெட்டில் ஏறி விண்வெளியைத் தொட்டுவிட்டு வந்து, இறங்கிய இடத்தில் கண் கலங்கி நின்றதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

ஸ்பாக்கின் கை வணக்கம், அந்த நாலு விரலை இரண்டு இரண்டாகப் பிரிப்பது, நிமாய் சின்ன வயதில் பாஸ்டனில் யூதக் கோயிலில் குருமார்கள் ஆசீர்வதிக்கும்போது பார்த்தது. கண்ணை மூடிக்கொள் என்று அப்பா சொல்லியும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாராம். அதைக் கொண்டுவந்து இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் வைத்தார். இன்றைக்கு எங்கள் தெரு நண்டுசிண்டுகள் வரைக்கும் விரலைப் பிரித்துக் காட்டுகின்றன, ஒன்றுக்கும் இந்தத் தொடர் தெரியாது. நிமாயும் ஷாட்னரும் 1931 மார்ச்சில் நாலு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். நிமாய் 2015 பிப்ரவரி 27-ல், நுரையீரல் நோயில் போனார். சிகரெட்டை விட்டுப் பல வருஷம் கழித்தும் அது அவரை விடவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ப் பீடி பிடித்தார், என்ன சொல்ல.

சூலு, செக்கோவ் இருவரையும் இந்தத் தொடர் சரியாகப் பயன்படுத்தவில்லை. சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேய் சிறு பையனாக இருந்தபோது, ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைத்தது. அந்தப் பையன் வளர்ந்து கப்பலின் சுக்கானைப் பிடிக்கிறான் என்று நினைத்துப் பார்த்தால் அந்த நாற்காலிக்கே ஒரு கனம் வரும். இரண்டாவது சீசனில் அவர் ஒரு சினிமாவுக்குப் போய்விட, பல எபிசோடுகளில் வால்டர் கோனிக்கின் செக்கோவ் அந்த இடத்தை நிரப்புகிறார். இதை எழுதும்போது ஷாட்னர், டகேய், கோனிக் மூவரும் இருக்கிறார்கள்.

கூடுதல் இணைப்புகளில் நிறைய சாதாரணம். ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள். பில்லி பிளாக்பர்ன் என்று ஒரு துணை நடிகர், லைட் வைக்கும்போது கெல்லிக்குப் பதிலாக நிற்கிறவர். எத்தனையோ எபிசோடில் கன்ட்ரோல் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், வசனம் கிட்டத்தட்ட கிடையாது. அவர் செட்டில் சொந்தக் கேமராவில் எடுத்த சின்ன ஃபிலிம் சுருள்களை அவரே பேசி விளக்குகிறார். ஷாட்டுக்கு நடுவில் இவர்கள் சிரிப்பது, சும்மா நிற்பது, மேக்கப்போடு உலாத்துவது எல்லாம் அதில்தான். பெரிய நடிகர்களின் பேட்டியை விட இது எனக்குப் பிடித்தது. எந்த ஷிப்டிலும் நடந்ததை ஒழுங்காக ஞாபகம் வைத்திருப்பது பெயர் போர்டில் பெயர் இல்லாத ஆள்தான்.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சீசனில் பட்ஜெட்டை வெட்டி, வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளிவிட்டார்கள், அது திரையில் தெரிகிறது. ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகிற எபிசோடு வந்தால் எழுந்துபோய் டீ போடலாம். முதல் சீசனில் கான் நூனியன் சிங் என்று ஒரு வில்லன், வட இந்திய சீக்கியராம். நடித்த ரிக்கார்டோ மொன்டால்பன் மெக்சிகோக்காரர், தாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. நடிப்பு மட்டும் நெருப்பு. நம் நாட்டு பெர்சிஸ் கம்பாட்டா மொட்டைத் தலையோடு வந்தது 1979-ல் வந்த ஸ்டார் ட்ரெக் சினிமாவில், அது இந்தப் பெட்டியில் கிடையாது, ஏமாறாதீர்கள்.

தமிழ் சப்டைட்டில் இல்லை. இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தால் என்னைப் போன்றவர்களுக்கே போதுமானது. புளூ-ரேயில் ஊர் வாரியாகப் பூட்டு உண்டு. அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கு பி, நமக்கு சி. எனக்கு வந்தது மறுபேச்சில்லாமல் ஓடியது, நீங்கள் வாங்கும் முன் விற்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளேயர் இல்லாதவர்கள் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் தேடினால் பழையது கிடைக்கும். ரிமோட்டோடு வாங்குங்கள், அதில் ஆங்கிள் பட்டன் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் எனக்கு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாயைத் தொட்டது. வீட்டம்மா இன்னும் அந்தத் தொகையை முழுசாகக் கேள்விப்படவில்லை.

சீசன் சீசனாகவும் தனியாக விற்கிறார்கள். கை இறுக்கம் என்றால் இரண்டாவது சீசனை மட்டும் வாங்குங்கள். டாக்டரின் பெயர் டைட்டிலில் ஏறுவது அதிலிருந்துதான், செக்கோவ் வந்து சேர்வதும் அதில்தான், உஹுரா பேனலுக்கு அடியில் போகிறதும் ஸ்காட்டி கை நிறைய டிரிபிளை அள்ளுகிறதும் அதில்தான்.